கலியாண வீடியோவின் கடைசிப் பத்து நிமிடம்

முருகேசன், கமலேஸ்வரி தம்பதியின் கலியாண வீடியோ இரண்டு மணி ஐம்பது நிமிடம் ஓடும். அதில் அரை மணி நேரம் மண்டப வாசலில் ஆட்கள் செருப்புக் கழற்றுவது. முப்பதாவது ஆண்டு நிறைவுக்காக அந்தப் பழைய கசெட்டை லண்டன் நோர்பரியில் ஒருவரிடம் கொடுத்து டிஜிட்டலாக்கி, செவன் கிங்ஸ் வீட்டின் பெரிய டிவியில் ஞாயிறு மத்தியானம் போட்டிருந்தார்கள்.

முருகேசனின் தங்கை வசந்தமலர் மூலையில் இருந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரித் தோழி ஷெறோனின் செய்தி மூன்று வாரமாகப் பதில் இல்லாமல் கிடந்தது. சனிக்கிழமை வடலண்டன் எட்மண்டன் ஜிம்மில் பழைய கல்லூரி டீம் கூடுகிறது, நீ வராவிட்டால் நாலு பேர்தான் என்று எழுதியிருந்தாள். கூடைப்பந்துக்கு ஐந்து பேர் வேண்டும். வசந்தமலர் ‘ஷிப்ட் இருக்கு’ என்று எழுதுவாள், அழிப்பாள்.

உண்மையில் அந்த நால்வரின் முகத்தில் முழிக்க அவளுக்குத் துணிவில்லை. 1994, லண்டன் கல்லூரிகளின் இறுதிப்போட்டி. 48க்கு 47, ஒரு புள்ளி பின்னால். மிச்சம் மூன்று விநாடி. கூடைக்கு நேர் கீழே கைக்குழந்தையும் போடக்கூடிய பந்தை வசந்தமலர் தவறவிட்டாள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பாள்.

அந்த ஆட்டத்தை ஒரு கேபிள் சானல் காட்டியது. முருகேசன் வேலைக்குப் போகும்போது டைமர் வைத்துப் பதிந்தான். ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் கலியாண வீடியோவைப் பிரதியெடுக்க அவன் கசெட் தேடியபோது, தோற்ற ஆட்டம்தானே, இதற்கு மேலே பதி என்று அவளே எடுத்துக் கொடுத்தாள்.

டிவியில் மாலை கட்டிய கார் புறப்பட்டது. எல்லோரும் சோற்றுப் பக்கம் எழுந்தார்கள். முப்பது வருடமாக இந்தக் கார் போனதும் யாராவது நிறுத்திவிடுவார்கள். நோர்பரிக்காரரோ மெஷினைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருக்க வேண்டும். மூன்று மணி நேரக் கசெட் முடியும்வரை எல்லாமே பதிவாகியிருந்தது.

திரையில் புள்ளிகள் பறந்தன. பிறகு ஒரு மைதானம். மூலையில் மஞ்சள் எழுத்தில் 48, 47.

“என்ர கலியாணத்துக்குள்ள ஆர் உந்தக் காற்சட்டைப் பிள்ளையள்?” என்றாள் கமலேஸ்வரி, கையில் சோற்றுக் கரண்டியோடு.

வசந்தமலர் ரிமோட்டைத் தேடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. வர்ணனையாளர் அவள் பெயரை இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு ‘நம்பர் ஏழு’ என்று தப்பிக்கொண்டார். நம்பர் ஏழு பாய்ந்தாள், எறிந்தாள், தவறவிட்டாள். இவ்வளவும் அவளுக்குத் தெரியும்.

ஆனால் டிவிக்கு ஒன்றை இரண்டாம் தரமும் காட்டும் பழக்கம் உண்டு. இந்தமுறை கூடைக்குப் பின்னாலிருந்து, மெதுவாக. எதிரணிப் பெண்ணின் கை வந்து அவள் முழங்கையில் விழுந்தது. வர்ணனையாளர், அது ஃபவுல், நம்பர் ஏழுக்கு இரண்டு இலவச எறிகள் கொடுத்திருக்க வேண்டும், நடுவர் மறுபக்கம் நின்றுவிட்டார் என்றார்.

“மச்சாள், ஒருக்கா பின்னுக்கு விடுங்கோ.”

கமலேஸ்வரி நாலு தரம் பின்னுக்கு விட்டாள். நாலாம் தரம் கரண்டியை டிவிக்கு நேரே நீட்டினாள்.

“அடிச்சிருக்கிறாள். வடிவாத் தெரியுது, உம்மட முழங்கையில. நடுவர் என்ன, ஆக்கள் செருப்புக் கழட்டுறதைப் பாத்துக்கொண்டு நிண்டவரோ?”

வசந்தமலர் முழங்கையைத் தடவிப் பார்த்தாள். அன்று ஏதோ பட்டது போலத்தான் இருந்தது. சாக்குச் சொல்கிறாள் என்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. கைபேசியை எடுத்து ஷெறோனுக்கு ஒரே சொல் எழுதினாள்: ‘வாறன்.’

சனிக்கிழமை ஷெறோன் முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வசந்தமலர் கைபேசியில் கொண்டுவந்த அந்த வீடியோத் துண்டை இரண்டு தரம் பார்த்தாள். வசந்தமலரை எறியும் கோட்டில் கொண்டுபோய் நிறுத்திப் பந்தைக் கையில் வைத்தாள்.

“ரெண்டு எறி. உனக்கு வரவேண்டியது.”

முதல் பந்து வளையத்தில் அல்ல, சுவரில் பட்டது. மற்ற மூவரும் மரியாதைக்குக் கூரையைப் பார்த்தார்கள். இரண்டாவது வளையத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி யோசித்தது, பிறகு உள்ளே விழுந்தது.

“நாப்பத்தெட்டு, நாப்பத்தெட்டு,” என்றாள் ஷெறோன். “மட்ச் டிரோ. எக்ஸ்ட்ரா டைம் அஞ்சு நிமிஷம் இருக்கு. ஓடு.”

“உந்த முழங்காலோட உனக்கு ஏலுமே?”

“ஏலாது. பந்தைத் தா.”