டேங்கில் தண்ணீர் குறையவில்லை

1

இதைச் சிரிப்புக் கதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தெரிந்தால் என்னைத் திட்டுவீர்கள். என் அக்காவும் அத்தானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிக்கொண்டு நாடு நாடாகச் சுற்றக் கிளம்பினார்கள். அந்தப் படகின் கழிவறை ஒழுகியது. எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

முதல் வரி இப்படி வந்தது:

"கடலில் போகிறவனுக்கு இரண்டே பயம்தான். வெளியே இருக்கிற தண்ணீர் உள்ளே வந்துவிடுமோ என்பது ஒன்று, உள்ளே இருப்பது வெளியே போகாமல்..."

இதோடு நிறுத்திவிட்டேன். வாசித்துப் பார்த்து நானே சிரித்தேன். கோளாறு அங்கேதான் இருந்தது.

2

மறுபடியும் ஆரம்பிக்கிறேன், இந்தத் தடவை அத்தான் பக்கத்திலிருந்து.

முப்பது வருடம் ஆலைகளில் பாய்லர் பார்த்தவர் அவர். ஒழுகல் என்று காதில் விழுந்தாலே சட்டைக் கையை மடித்துவிடுவார். படகில் அவருக்கு மூன்று ஒழுகல்கள் வாய்த்தன. ஒன்று படுக்கைக்கு மேலே இருந்த ஜன்னல். மழை பெய்தால் அக்காவின் தலையணை நனையும். அதை ஒரே பகலில் பிசின் வைத்து அடைத்துவிட்டார். இரண்டாவது, தரைப் பலகைக்குக் கீழே இருந்த குடிதண்ணீர் டேங்க். மூன்றாவது கழிவறை.

படகுக் கழிவறையில் நம் வீட்டைப் போல மேலே தொட்டி கிடையாது. பக்கத்தில் ஒரு கைப்பம்ப் இருக்கும். போய் முடித்ததும் அதை இருபது தடவை அடிக்க வேண்டும். கடல் தண்ணீர் உள்ளே வந்து எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போகும். இந்தப் படகில் அப்படிப் போவதில் கொஞ்சம் பம்ப்பின் கழுத்து வழியாகத் தரைக்கும் வந்தது. அக்கா வெளியே வந்ததும் அத்தான் துணியோடு உள்ளே போய் முட்டி போடுவார்.

"நீங்க எந்திரிங்க, நானே தொடச்சுக்கறேன்."

"நீ சும்மா இரு. எங்கேர்ந்து வருதுன்னு நான் பாக்க வேண்டாமா?"

அவருக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்பார். நான்கு தடவை வாஷர் மாற்றினார். அடுத்த துறைமுகத்தில் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்று பக்கத்துப் படகுக்காரர் சொன்னதற்கு, "புதுசு வாங்கறதுன்னா நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டாராம்.

3

டேங்கை அவர் ஒரு மரக்குச்சி விட்டு அளந்தார். தினமும் காலையில் நான்கு விரல் குறைந்திருக்கும். இரண்டு பேருக்கு அது அதிகம். படகின் அடிக்குழியில் தேங்கிய தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். உப்புக் கரித்தால் கடல், கரிக்காவிட்டால் டேங்க். மூன்றாவது ஒழுகலும் அதே குழிக்குத்தான் போகிறது என்பதை நினைத்து அக்கா முகத்தைச் சுளிப்பாள்.

[இதை எழுதும்போது என் விரலை நக்கிப் பார்த்தேன். ஒரு ருசியும் இல்லை. மேசையிலிருந்து எழுதுகிறவனுக்கு அவ்வளவுதான் கிடைக்கும்.]

பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே ஒரு குழாய் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து கிளாம்ப் போட்டு முறுக்கினார். மறுநாள் மூன்று விரல்தான் குறைந்தது. ஒரு வாரத்தில் இரண்டாகிவிட்டது. குச்சியைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடினார்.

"பாத்தியா? நின்னுடுச்சு!"

"நீங்க கை வச்சா நிக்காம இருக்குமா?" என்றாள் அக்கா.

இந்த வசனம் நிஜமாகவே சொல்லப்பட்டதா என்று எனக்குச் சந்தேகம். கொஞ்சம் கதை வசனம் மாதிரி இருக்கிறது. ஆனால் அத்தான் சத்தியம் செய்கிறார். சிரித்துக்கொண்டே சொன்னாளாம். அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் அவரை அரித்துக்கொண்டிருக்கிறது.

4

இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே அக்காவுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டாள். கரை சேர ஒன்றரை நாள் ஆயிற்று. அந்த ஒன்றரை நாளை அத்தான் என்னிடம் விவரமாகச் சொன்னதில்லை. நானும் அதைக் கற்பனை செய்யப் போவதில்லை.

சிறுநீரகத்தில் கிருமி என்றார் டாக்டரம்மா. வாரக்கணக்காகச் சரியாகத் தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்கி அடக்கி வந்தது என்றார். அத்தான் ஆஸ்பத்திரி நடைபாதையில் சுவரோரமாக நின்று விரல்களை எண்ணினார். நான்கு. மூன்று. இரண்டு. கிளாம்ப் எதையும் நிறுத்தவில்லை. அவள்தான் நிறுத்தியிருக்கிறாள். தண்ணீரை, பிறகு டீயை, பிறகு அதே கழிவறைக்குள் நின்று தலைக்குக் குளிப்பதை.

[இரண்டு பிரதிகளில் அக்காவைச் சாகடித்தேன். கதைக்குக் கனம் சேரும் என்று பார்த்தேன். அப்போது அவள் அடுத்த அறையில் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கிழித்துப் போட்டுவிட்டேன்.]

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அத்தான் கேட்டார்: "ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

5

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அவர் புதுக் கழிவறை வாங்கிப் பொருத்தினார். பழையதன் போல்ட்டுகள் துருவேறிச் சிக்கிக்கொண்டதால் ரம்பத்தால் அறுக்க வேண்டியிருந்தது. விறைத்துப்போன ஹோஸை வெந்நீரில் ஊறவைத்து இளக்கி மாட்டினார். தரையில் செய்தித்தாளை விரித்துவிட்டு முப்பது தடவை பம்ப் அடித்தார். தாள் நனையவே இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

அக்கா அதைப் பார்க்கக்கூட இல்லை. "கொஞ்ச நாள் தம்பி வீட்ல இருக்கேன்" என்று சொல்லி என்னிடம் வந்துவிட்டாள். நான்கு மாதமாகிறது. தன்னிடம் சொல்லக்கூட முடியாத அளவுக்குத் தான் அவளுக்கு அந்நியமாகிவிட்டதாக அத்தான் நினைக்கிறார். அதனால் வா என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. கூப்பிடாமல் அவளும் போக மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்து இங்கே மழையா என்று விசாரிக்கிறார்.

இங்கே கதையை முடித்திருக்கலாம். கௌரவமாகவே இருந்திருக்கும். குற்றவாளி அத்தான், சாட்சி நான்.

6

அக்கா சொல்லாமல் இல்லை. சொன்னாள், என்னிடம்.

காய்ச்சல் வருவதற்கு மூன்று வாரம் முன்னால் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து பேசினாள்.

"டேய், அவர் முட்டி போட்டுத் தொடைக்கறத என்னால பாக்க முடியலடா. அதனாலேயே தண்ணி குடிக்கறத விட்டுட்டேன். நீ பேசேன் அவர்கிட்ட. புதுசா ஒண்ணு வாங்கச் சொல்லு. நான் சொன்னா அவர் வேலையக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும்."

"சரிக்கா, நான் பாத்துக்கறேன்" என்றேன். சிரித்தேன் என்றுகூட நினைவு.

போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். "சுற்றிலும் கடல், தண்ணீர் குடிக்காத மனைவி. நல்ல நகைச்சுவை" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அத்தானிடம் பேசவில்லை.

மறந்துவிட்டேன் என்று

[இல்லை. மறக்கவில்லை. புதுக் கழிவறை வந்துவிட்டால் கதையில் என்ன மிஞ்சும் என்று தள்ளிப்போட்டேன்.]

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பியது ஏன் என்று இப்போது உங்களுக்கும் தெரியும். பதில் சொன்னால் என் பெயர் வந்துவிடும். புருஷன் தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தாலும் தம்பியைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் அந்த நிழலில் நான்கு மாதம் சுகமாக உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

7

முடிவுகள்:

அ) அத்தான் ஒரு நாள் திடீரென்று வாசலில் வந்து நிற்கிறார். (யார் சொல்லி வந்தார்?)

ஆ) அக்கா தானாகவே மனம் மாறிக் கிளம்புகிறாள். (எனக்கு ரொம்ப வசதி.)

இ)

இரண்டிலும் நான் தப்பித்துக்கொள்கிறேன். அதனால் இன்று மத்தியானம், மூன்றாவதை எழுதாமல், அத்தானுக்குப் போன் செய்தேன்.

"சொல்லுங்க எழுத்தாளரே."

சொன்னேன். நோட்டில் எழுதியதையும் சேர்த்துச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்போ எனக்குச் சொல்லணும்னுதான் நெனச்சிருக்கா" என்றார்.

"ஆமா அத்தான்."

"இப்போ நல்லா தண்ணி குடிக்கறாளா?"

நான்கு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்.

"தெரியல அத்தான்."

"போன அவகிட்ட குடு."

அக்கா மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "அத்தான். எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்று நீட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "என்னங்க" என்றாள்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அதன்பிறகு அவர்கள் பேசியதுதான் இந்தக் கதையின் முடிவு. கதவு ஒன்றும் கனமில்லை, காதை வைத்தால் எல்லாம் கேட்கும். ஆனால் கேட்டால் எழுதிவிடுவேன். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன்.