அண்ணனுக்காகக் கழுவிய ஃபில்டர்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலையே கிருமியைக் கொல்வதுதான். ஆபரேஷன் தியேட்டரின் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் அவள் கையால் ஆவியில் வெந்துதான் வெளியே வரும். வீட்டுக்கு வந்தால், புருஷன் பால்கனியில் கிருமி வளர்த்துக்கொண்டிருந்தான். "ஊர்ல ஆம்பிளைங்க நாய் வளர்க்கிறாங்க, புறா வளர்க்கிறாங்க. எனக்கு வாய்ச்சது இப்படி" என்று அவள் தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

எதையும் ஆரம்பிப்பதில் அவன் சூரன். கிடார் ஒன்றரைப் பாட்டோடு நின்றது. தேனீப் பெட்டிக்குத் தேனீயே வரவில்லை. இப்போது மீன் தொட்டி, அதற்கு மேலே கீரைப் படுக்கை, இரண்டுக்கும் நடுவே ஃபில்டர் என்று ஒரு நீல டிரம். டிரம்முக்குள் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் சக்கரங்கள் கொட்டிக் கிடந்தன. மீன் கழிவு தண்ணீரில் அம்மோனியாவாகும், அது விஷம். சக்கரங்களில் ஒட்டி வளரும் பாக்டீரியா அந்த விஷத்தைக் கீரைக்கு உரமாக்கிவிடும். பாக்டீரியா குடியேறும்வரை மீன் விடக்கூடாது. இந்தப் பாடத்தை அவன் அவள் சாப்பிடும்போதும் நடத்தினான், கொட்டாவி விடும்போதும் நடத்தினான்.

"மீனே இல்லாத தொட்டிக்கு மோட்டார் ஓடுது. கூடவே உங்க வாயும் ஓடுது" என்றாள்.

ஆனால் இந்தத் தடவை அவன் விடவில்லை. பாக்டீரியாவுக்குத் தீனியாக அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினான். கண்ணாடிக் குப்பியில் தண்ணீரெடுத்து, மருந்து விட்டு, ஜன்னலோரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். பச்சை என்றால் விஷம் இருக்கிறது, மஞ்சள் என்றால் இல்லை. வாரக்கணக்கில் பச்சைதான். பிறகு சக்கரங்களில் பழுப்பாய் ஒரு வழவழப்பு படர்ந்தது. பிள்ளைக்குப் பல் முளைத்ததுபோல அதைத் தடவித் தடவிப் பூரித்தான். "பைப் தண்ணி இதுல படவே கூடாது. அதுல இருக்கிற குளோரின் எல்லாத்தையும் கொன்னுடும்" என்று அவளை மிரட்டினான். குளோரினைப் பற்றி அவளிடமே!

ஒருநாள் குப்பி மஞ்சளாக நின்றது. மீன்கள் வந்தன. கீரை தளதளவென்று எழுந்தது. வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவளுக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. அப்போது பார்த்துத்தானா பெரியவர் வருவதாகப் போன் வர வேண்டும்?

பெரியவர் என்பது அவனுடைய அண்ணன். தம்பி செய்த எதையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கும் பிறவி. அவர் வாயிலிருந்து ஒரு "பரவாயில்லையே" வாங்கிவிட வேண்டும். தலை நரைத்தும் இந்த ஆண்பிள்ளைக்கு வேறு லட்சியமே கிடையாது.

அவள் டியூட்டி முடிந்து வந்தபோது பால்கனியே பளபளத்தது. சக்கரங்கள் பெட்டியைப் பிரித்த நாளில் இருந்ததைப் போல வெள்ளைவெளேரென்று மிதந்தன.

"என்ன பண்ணீங்க?"

"அண்ணன் வர்றாருல்ல. பார்க்கவே அசிங்கமா வழவழன்னு இருந்துச்சு. ஹோஸைப் பிடிச்சு அடிச்சுட்டேன்."

"பைப் தண்ணியிலயா?"

"திரும்ப வந்துடும்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அத்தனை நாள் பாடம் நடத்திய வாய் அது. அவள் ஆஸ்பத்திரியில் பாடுபட்டுச் செய்வதை வாத்தியார் ஒரு ஹோஸை வைத்தே முடித்திருந்தார்.

பெரியவர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே, சுத்தமா வச்சிருக்கியே" என்றார். புருஷனுக்குத் தரையில் கால் பாவவில்லை. "நீங்களே தீனி போடுங்கண்ணே" என்று டப்பாவை நீட்டினான். பெரியவர் தங்கியிருந்தவரை வேளாவேளைக்கு அள்ளி அள்ளிப் போட்டார்.

அவர் கிளம்ப வேண்டிய நாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. குப்பி கரும்பச்சையாக இருந்தது.

"பாதித் தண்ணிய மாத்துங்க. குளோரின் போறதுக்குன்னு வாளிகள்ல பிடிச்சு வச்சிருக்கீங்கல்ல, அதை ஊத்துங்க" என்றாள்.

"மெதுவா பேசு. அண்ணன் மத்தியானம் கிளம்பிடுவாரு. அதுக்கப்புறம் மாத்திக்கலாம்."

"அதுவரைக்கும் இதுங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்குமா?"

"இப்ப மாத்தினா ஏன்னு கேப்பாரு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை மடித்துவிட்டு அவளே தண்ணீரை மொண்டு கொட்ட ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு வந்த பெரியவர், "என்னம்மா காலையிலேயே?" என்றார்.

"உங்க கண்ணுக்கு அழகா இருக்கணும்னு உங்க தம்பி ஃபில்டரைக் கழுவிட்டாரு மாமா. மீனைக் காப்பாத்துற பாக்டீரியா மொத்தமும் போச்சு. கொஞ்சம் நகருங்க."

பெரியவரின் உதடு பிதுங்கியது. "நான் அப்பவே நினைச்சேன், இவனாவது உருப்படியா ஒண்ணு செய்றதாவது."

புருஷன் ஏதாவது சொல்வான் என்று வாளியோடு நின்றாள். அவன் சிரித்தான். "ஆமாண்ணே, இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது. தூக்கிப் போட்டுடலாம்னுதான் இருக்கேன்."

ஜன்னலோரம் வாரக்கணக்கில் நின்ற மனுஷனை அவனே ஒரு சிரிப்பில் காலி பண்ணிவிட்டான். அவள் வாளியைச் சாய்த்து நல்ல தண்ணீரை ஊற்றினாள். ஒரு மீன் வாயை மூடிக்கொண்டு மெல்லக் கீழே இறங்கியது.

"நானும் தூக்கறேன், கொடு" என்று அவன் வாளிக்குக் கை நீட்டினான், அண்ணன் உள்ளே போன பிறகு.

"நீங்க போய் உங்க அண்ணன் பெட்டியைத் தூக்குங்க" என்றாள்.

அவன் போய்த் தூக்கினான்.