தொடாத கூரை

போன கோடையில் நகரத்துச் சர்ச் ஒன்றிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து, எப்போதோ லாரியில் இழுத்துவந்து நிறுத்திய டெல்ஃபியாவின் டிரெய்லர் வீட்டுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டு, அவளை வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். நல்லவர்கள்தான். ஆனால் மழை சுவர் வழியாகவா வருகிறது? இவ்வளவு பழைய டிரெய்லரின் கூரையில் கை வைக்கக் கூடாதென்று அவர்களுக்குள் ஒரு விதியாம். மாவட்டத்தை ஆளுகிற கவுண்டி ஆபீசிலும் அதே பாட்டுதான்.

பனி விட்டதும் வீடுகளைச் சோதிக்கிற கவுண்டி இன்ஸ்பெக்டர், ஸ்டிடம் என்பவர், வந்தார். படுக்கையறையில் வாளிகள் வைத்திருந்ததைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அடுத்த தடவ வர்றப்பவும் ஒழுகிச்சுன்னா, இங்க யாரும் குடியிருக்கக் கூடாதுன்னு கதவுல சிவப்புத் தாள் ஒட்டிருவேன். புள்ளைங்கள கூட்டிக்கிட்டு டவுன் குடியிருப்புக்குப் போயிரும்மா."

"அப்ப கூரைய ரிப்பேர் பண்ணிக்கிறேன்."

"இந்த வயசு டிரெய்லருக்கு ரிப்பேர் பெர்மிட் கிடையாது."

"ரிப்பேரும் பண்ணக் கூடாது, ஒழுகவும் கூடாது. ரொம்ப நல்லாருக்கு சார் உங்க நியாயம்!"

அவர் போன பிறகு டெல்ஃபியா வாளிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் வெளியே வீசி ஊற்றினாள். நிலக்கரித் தூசியில் நெஞ்சு கெட்டுச் செத்த புருஷன் அவளுக்கு விட்டுப்போனது கென்டக்கி மலைச்சரிவில் இந்தத் துண்டு நிலம் ஒன்றுதான். இங்கிருந்து ஒருமுறை இறங்கினால் திரும்ப ஏற முடியாதென்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிறன்று ஊர்ச் சர்ச்சில் ஆராதனை முடிந்து சாப்பிடும்போது எல்லோரிடமும் கொட்டித் தீர்த்தாள். சனிக்கிழமை வேலைக்குழுவை மேய்க்கிற பர்ல், வாயில் சோள ரொட்டியோடு கேட்டார்.

"வீட்டத் தொடக் கூடாது, அவ்வளவுதானே? தொட வேணாம். மேல ஒரு கொட்டகை போட்ருவோம். தோட்டக் கொட்டகைக்கு இங்க எவனும் பெர்மிட் கேக்க மாட்டான்."

"கொட்டகைக்கு அடியில வீடாண்ணே?"

"ஊர்ல அவனவன் கொட்டகையில டிராக்டர நிறுத்துறான். நீ வீட்ட நிறுத்து."

சனிக்கிழமை விடிந்ததும் சரிவில் ஆள் சேர்ந்துவிட்டது. இடித்த புகையிலைக் கொட்டகையின் தகரம் வந்தது, பழைய மின்கம்பங்கள் வந்தன. டிரெய்லரைச் சுற்றிக் குழி தோண்டிக் கம்பங்களை நட்டு, அதன் கூரைக்கு ஒரு முழம் மேலே சட்டம் கட்டினார்கள். பர்ல் கீழே நின்று கத்திக்கொண்டே இருந்தார்.

"எவன் ஆணியாவது வீட்டு மேல பட்டுச்சு, அவனுக்கு இன்னைக்கு பீன்ஸும் இல்ல, ரொட்டியும் இல்ல!"

டெல்ஃபியாவும் ஏணியில் ஏறி ஆணி அடித்தாள். ஒவ்வொரு அடியும் ஸ்டிடமின் உதட்டின் மேல் விழுவதாக நினைத்துக்கொண்டாள். சுகமாகத்தான் இருந்தது.

ஸ்டிடம் மறுபடி வந்த அன்று நல்ல மழை. உள்ளே போய் ஒவ்வோர் அறையிலும் அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. வெளியே வந்து, இரண்டு கூரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் டார்ச் அடித்துச் சுற்றிச் சுற்றித் தேடினார். கொட்டகை வீட்டை எங்கேயும் தொடவில்லை.

"இது என்னது?"

"கோழிக் கொட்டகை சார்." கோழிகள் நிஜமாகவே கம்பத்தடியில் ஒண்டிக்கொண்டிருந்தன.

"சட்டத்தக் கேலி பண்றியா?"

"நாலு வருசமா வாளி வாளியா நான்தான் ஊத்துனேன். உங்க சட்டம் ஒரு நாளாவது வந்து ஒரு வாளி தூக்குச்சா?"

ஸ்டிடம் சிவப்புத் தாளைப் பையிலிருந்து எடுத்தார். டெல்ஃபியா கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். நகரவில்லை. தாளில் எழுத ஒரு காரணம் வேண்டுமே; அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. திரும்ப மடித்து வைத்தார்.

"இத நான் விட்டேன்னா இந்தப் பள்ளத்தாக்குல இருக்கிற அத்தன டிரெய்லருக்கும் இப்படி ஒண்ணு முளைக்கும், தெரியுமில்ல?"

"முளைக்கும் சார். வர்ற சனிக்கிழமை கீழ் வளைவுல வெர்னா வீடு. சுத்தியல் இருந்தா எடுத்துட்டு வாங்க. இல்லன்னா இப்ப உங்க கார கொஞ்சம் நகத்துங்க. அவளுக்குக் கம்பம் ஏத்திக்கிட்டு லாரி வருது, இங்கதான் திரும்பணும்."

வளைவில் லாரியின் ஹாரன் கேட்டது. ஸ்டிடம் மழையில் நனைந்துகொண்டே போய்க் காரை நகர்த்தினார்.