கடை வாசல் வெயில்

மளிகைக்கடைக்காரருக்கு அவன் கொடுக்க வேண்டியது நாலாயிரத்து முந்நூற்று இருபது. அவர் கண்ணில் படாமலிருக்க எட்டு மாதமாக விடியுமுன்னே அடித்தளக் கிடங்குக்கு மூட்டை தூக்கப் போய், இருட்டிய பிறகே வீடு திரும்பினான். லீவு நாளில் கதவைத் தாழிட்டுப் படுத்துக்கொண்டான். மனைவியையும் வேறு கடைக்கு அனுப்பினான். எலும்பெல்லாம் வலித்தது. சாப்பிடக் கூப்பிட்டாலும் எரிந்து விழுந்தான்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா, மாத்திரை எழுதிவிட்டுச் சொன்னார்: "உடம்புல வெயிலே படலைய்யா. தினமும் கொஞ்ச நேரம் வெளியில நில்லுங்க, மனசும் தெளியும்."

தெருவில் வெயில் விழுகிற ஒரே இடம் அந்தக் கடை வாசல்.

மறுநாள் காலை மனைவி அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "கடனுக்கு யாரும் தலையை வாங்க மாட்டாங்க. இப்படியே கிடந்தா நான்தான் உங்களைத் தூக்கிட்டு அலையணும். போங்க!"

போய் நின்றான். முதுகில் வெயில் ஏறியது. கடைக்காரர் கணக்கு நோட்டோடு இறங்கி வந்தார்.

"அண்ணே, அடுத்த மாசம்…"

"என்னய்யா, சுண்ணாம்பு அடிச்ச சுவராட்டம் வெளுத்துட்டே! உன் மச்சான் ஆறு மாசம் முன்னாடியே கட்டிட்டாரு. நீ ரோஷப்படுவேன்னு வீட்டுல சொல்லலையாம். கடைக்கு வந்தா என்னைச் சொல்லச் சொன்னாரு. நீ வந்தாத்தானே?"

நோட்டைப் பிரித்துக் காட்டினார். அவன் கணக்கின் குறுக்கே நீளமாகக் கோடு கிழித்திருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்தான்.

"இந்தப் பக்கம் தள்ளி உக்காருய்யா. அங்க நிழலு."