வெளிநாட்டு மாப்பிள்ளை

கிளப்பைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கிளப்பை வாங்க வருகிறது, பேச்சு நடக்கிறது, விஷயம் கசிந்தால் வருகிறவர்கள் பின்வாங்கிவிடுவார்கள் என்று காரணமும் சொன்னார்கள். கால்பந்து ரசிகர்களைப் பார்த்து வாயை மூடு என்றால் நடக்கிற காரியமா? அதற்கும் ரசிகர் சங்கச் செயலாளர் டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுப் பேசுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"இனிமே யாரும் கிளப்புன்னு சொல்லாதீங்க. பொண்ணுன்னு சொல்லுங்க. வாங்க வர்ற கம்பெனி, மாப்பிள்ளை. ஓட்டெடுப்பு, நிச்சயம். பஸ்ல உக்காந்து சத்தமா பேசினாலும் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது."

ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை என்பது உண்மைதான். வந்த வினையே அதுதான்.

சங்கத்தில் இந்தச் சம்பந்தம் வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். வயது நாற்பத்தேழு. வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. கழற்றிப் போட்ட டிரம்களும் பெல்ட்டுகளும் மோட்டார்களும் வாசல் வரைக்கும் வந்து கிடக்கும். பின்னால் சமையலறையும் இரண்டு அறைகளும். அந்த வீட்டில் அவரையும் தங்கையையும் தவிர வேறு யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, அவளுக்கும் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு அண்ணனும் தங்கையும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "நேரம் கிடைக்கல."

தங்கைக்கு நாற்பத்தொன்று. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. கால்பந்து என்றால் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும் என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. கிளப் இரண்டே வருடத்தில் லீக்கில் இரண்டு படி கீழே இறங்கிவிட்டதும், இந்தப் பருவத்தில் தொடர்ந்து பதினோரு ஆட்டம் தோற்றதும், நாற்பதைத் தாண்டிய கோல்கீப்பர் பந்து உள்ளே போன பிறகுதான் பாய்கிறார் என்பதும் அவள் காதுக்கு எட்டாத சங்கதிகள்.

செவ்வாய்க்கிழமை காலை. மெக்கானிக் ஒரு மெஷினுக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது. கை ஈரம் என்பதால் முழங்கையால் ஒரு தட்டுத் தட்டி ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் ஹாரன். பஸ் ஓட்டுகிற கூட்டாளி. பஸ்ஸில் உள்ள ஹாரன் கெட்டுப்போனாலும் ஒரு பாதகமும் இல்லை, ஜன்னலைத் திறந்து இவர் கத்தினால் போதும் என்பதால் வந்த பெயர் அது.

"பொண்ணுக்கு வயசாயிடுச்சுப்பா," என்றார் ஹாரன். "நடையே தளர்ந்து போச்சு. இந்த மாப்பிள்ளையையும் விட்டா வேற எவன் எட்டிப் பாப்பான்?"

"எவனும் பாக்க வேணாம். வெளிநாட்டு மாப்பிள்ளை நமக்குச் சரிப்பட்டு வராது. கூட்டிட்டுப் போயி பேரை மாத்தி, உடுப்பை மாத்தி, நமக்கே அடையாளம் தெரியாம பண்ணிடுவான்."

"வசதியா வச்சுக்குவான்டா."

"யாருக்கு வேணும் அவன் வசதி? நம்ம வீட்டுப் பொண்ணை அவனுக்குக் குடுக்க நான் உயிரோட இருக்கற வரைக்கும் விடமாட்டேன். வயசானா என்ன, நொண்டினா என்ன? இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

சமையலறையிலிருந்து பட்டறைக்கு வருகிற வழியில், கையில் இரண்டு டம்ளர் டீயோடு, தங்கை நின்றுகொண்டிருந்தாள். எட்டு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் புதிய ஸ்கேன் மெஷின் வந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஒரு இன்ஜினியரும் வந்தார். மெஷின் அவளுக்குப் பழகியது, மனிதரும் பழகினார். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும் நேரத்தில், என்னோடு வந்துவிடுகிறாயா என்று அவளிடம் கேட்டிருந்தார். அண்ணனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு வாரமாகத் தவித்தவள், டீ கொடுக்கிற சாக்கில் சொல்லிவிடலாம் என்று அன்றைக்குத்தான் துணிந்து வந்தாள். அந்த வீட்டில் பொண்ணு என்றால் அவள் ஒருத்திதானே? சத்தம் போடாமல் திரும்பிப் போய் இரண்டு டீயையும் அவளே குடித்தாள். இதெல்லாம் பிறகுதான் மெக்கானிக்குக்குத் தெரியவந்தது. நமக்கு முன்கூட்டியே தெரிவதில் தப்பில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அவளே பேச்சை எடுத்தாள்.

"அண்ணே, நான் எங்கயும் போகல. அவர்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன். நீ கவலைப்படாம இரு."

"எங்க போறே? யார்கிட்ட சொன்னே?"

தட்டைப் பார்த்துக்கொண்டே இன்ஜினியரைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். "அவரும் உன்னை மாதிரிதான். சத்தத்தைக் கேட்டே மெஷின்ல என்ன கோளாறுன்னு சொல்லிடுவார். உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள உனக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. அன்னிக்கு நீ போன்ல பேசினதைக் கேட்டேன். நீ இவ்வளவு வேதனைப்படுவேன்னு நான் நினைக்கல."

மெக்கானிக்குக்குத் தலை சுற்றியது. எந்தப் போன், எந்தப் பேச்சு என்று புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் வாயைத் திறந்தார். அது கிளப்பும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தும்விட்டது.

"கொஞ்சம் தண்ணி ஊத்து," என்றார்.

அவள் ஊற்றினாள். அவர் குடித்தார்.

பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லை என்று அன்றைக்கு அவர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் அவள் போகவில்லை என்று சொன்ன அந்த நொடியில் மனசுக்குள் குளிர்ந்ததே, அதற்கு என்ன சமாதானம் சொல்வது? அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. காலையில் எழுந்தால் யாரோடு சண்டை போடுவது, வாசலில் கிடக்கிற டிரம்மை எடு என்று யார் கத்துவது? சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சந்தோஷப்படுவது வெட்கமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் முகத்தில் எந்த வருத்தமும் தெரியவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது, பிறந்ததிலிருந்து கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"நாளைக்கு யாரோட மேட்ச்?"

அவர் திகைத்துப்போய்ப் பெயரைச் சொன்னார்.

"இந்த மாசம் சனிக்கிழமையும் டூட்டி. அடுத்த மாசத்துலேருந்து நானும் வரட்டுமா? அப்ப சனிக்கிழமை வீட்ல சும்மாதானே இருப்பேன்."

சரி என்று தலையாட்டினார். அவள் தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். மிச்சமிருக்கிற காலத்தை எப்படிக் கழிப்பது என்று அவள் இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கு அவர் கழற்றிய மெஷின் ஒன்றையும் ஒழுங்காகத் திரும்ப மாட்ட முடியவில்லை.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூட்டம். மேற்குப் பக்கக் கேலரிக்குக் கீழே, வலைகளும் கொடிக் கம்பங்களும் போட்டு வைக்கிற அறையில் எண்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் கை தூக்கினால்தான் கிளப்பை விற்க முடியும். மூடிய அறைதான், கிளப் என்றே பேசலாம். ஆனால் இரண்டு வாரம் பேசிப் பேசிப் பழகிவிட்டதால் பொண்ணும் மாப்பிள்ளையும்தான் எல்லார் வாயிலும் வந்தார்கள். அடக்கிப் பார்த்த டீச்சரே கடைசியில், "பொண்ணோட கூரை ஒழுகுது, அதையும் யோசிங்க," என்றார்.

வேண்டாம் என்ற பக்கத்துக்குப் பேச வேண்டியவர் மெக்கானிக். எழுந்து, பெயர் போய்விடும், நிறம் போய்விடும், நம் கண்முன் வளர்ந்தது நம்மிடமே இருக்கட்டும் என்று வழக்கமான பாட்டைத்தான் பாடினார். சுரத்தே இல்லை. முடிக்கும் முன்னே ஹாரன் எழுந்துவிட்டார்.

"குடுக்காதே, குடுக்காதேன்னு நீ குறுக்கே விழறியே, அவளுக்கு என்ன வேணும்னு யாராவது ஒரு தடவை கேட்டோமா? ஆடுறது பசங்க. அவங்க நல்ல புல்லுல ஆட வேணாமா, ஒரு தடவையாவது ஜெயிக்க வேணாமா? நீ பேசறது அவளுக்காகவா, இல்ல சனிக்கிழமை ஆனா உனக்கு ஒரு போக்கிடம் வேணுங்கறதுக்காகவா?"

வேறொரு நாளாக இருந்தால் மெக்கானிக் இதற்குப் பத்துப் பதில் வைத்திருப்பார். அன்றைக்கு அப்படியே உட்கார்ந்தார். உட்கார முடியாமல் மறுபடியும் எழுந்தார்.

"டீச்சர், நான் கிளம்பறேன்."

"ஓட்டு? எந்தப் பக்கம்னு சொல்லிட்டுப் போங்க."

"தெரியல டீச்சர். எனக்கு வீட்டு வேலை ஒண்ணு பாக்கி இருக்கு."

கிளப் ஜெர்சியோடு ஆஸ்பத்திரிக்குள் போய் நின்றவரை எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே கட்டுப் போட்ட கையோடு ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவுக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கு அணைந்ததும் கதிர் படாமலிருக்கப் போடுகிற கனமான ஈய அங்கியோடு தங்கை வெளியே வந்தாள். அண்ணனைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"என்னாச்சு? எங்க அடிபட்டுச்சு?"

"அடியெல்லாம் இல்ல. ஒரு விஷயம் சொல்லணும். அன்னிக்கு நான் போன்ல பேசினது உன்னைப் பத்தி இல்ல. கிளப்பைப் பத்தி."

"கிளப்புக்கு எதுக்கு மாப்பிள்ளை?"

"வாங்க வர்ற கம்பெனிதான் மாப்பிள்ளை. கிளப்புதான் பொண்ணு. வெளியில பேசக்கூடாதுன்னு டீச்சர் அப்படிச் சொல்லிக் குடுத்தாங்க."

அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

"அண்ணே, என்னைச் சமாதானப்படுத்தறதுக்காக இப்படியெல்லாம் கதை கட்டாதே. முடிஞ்சது முடிஞ்சதுதான்."

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. பழக்க தோஷம், ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"குடுத்தாச்சுப்பா!" என்ற ஹாரனின் குரல் வராந்தா முழுக்க அதிர்ந்தது. "நம்ம பொண்ணைக் குடுத்தாச்சு! ஒம்போது ஓட்டு வித்தியாசம்! பேரையும் நிறத்தையும் தொட மாட்டேன்னு மாப்பிள்ளை எழுதியே குடுத்துட்டான்! மேற்குக் கேலரிக்குப் புதுக் கூரை, புது கோல்கீப்பர்! டீச்சர் அழறாங்கப்பா!"

பெஞ்சில் இருந்தவர் கட்டுப் போட்ட கையை லேசாக உயர்த்தி, "வாழ்த்துகள்," என்றார்.

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. ஈய அங்கி குலுங்கக் குலுங்கச் சிரித்து, நிற்க முடியாமல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ, வயசாயிடுச்சு, நடை தளர்ந்து போச்சுன்னு அன்னிக்கு போன்ல அவர் சொன்னது?"

"அது கோல்கீப்பரை."

"பாவி! நாலு நாளா கண்ணாடி முன்னாடி நடந்து நடந்து பாத்துட்டிருந்தேன் நான்."

அவரும் சிரித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் வியாழக்கிழமையே கேட்டதைச் சொன்னேனே. அப்பவே ஏன் நீ சொல்லல?"

இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். வழி நெடுக இதற்கு ஒரு பதிலைத் தேடிக்கொண்டுதான் வந்தார். நல்லதாக ஒன்றும் கிடைக்காததால் உண்மையைச் சொன்னார்.

"வேணும்னுதான் சொல்லல. நீ போகலன்னதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. வாயைத் திறந்தா அது போயிடும்னு பயந்துட்டேன். கிளப்பைப் பத்திதான் பேசறேன்னு நானும் நினைச்சுட்டிருந்தேன். இப்பப் பாத்தா அதுல பாதி உன்னைப் பத்திதான் போல இருக்கு."

அவள் அங்கியின் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"நீ போனா எனக்குக் கஷ்டம்தான். இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது என் கஷ்டம்மா. அதை நீ ஏன் தூக்கிச் சுமக்கணும்? அவருக்குப் போன் பண்ணு."

"அவர் கோவமா இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும். பண்ணு நீ."

அவள் அங்கியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். வாங்கியவரின் கை ஒரு கணம் கீழே இறங்கியது.

"இதையா தினமும் போட்டுட்டிருக்கே?"

"இருபது வருஷமா," என்றபடி அவள் போனை எடுத்தாள்.

வீட்டுப் பழக்கத்தில் அவளும் ஸ்பீக்கரில் போட்டு, மறுமுனையில் எடுத்ததும் இன்ஜினியரின் நாட்டு மொழியில் பேச ஆரம்பித்தாள். அந்த மொழி அவளுக்கு வரும் என்பதே மெக்கானிக்குக்குத் தெரியாது. முதலில் தயங்கித் தயங்கிப் பேசினாள், பிறகு வேகமாக, நடுவில் அழுதுகொண்டே சிரித்து, யாரோ சின்னப் பெண் பேசுவது போல. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒட்டுக்கேட்பது போல இருந்ததால் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். அப்போது அந்தப் புரியாத பேச்சுக்கு நடுவே, அண்ணன் என்று ஒரு சொல் கேட்டது.

அதற்கு அவள் அர்த்தம் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்துக் குரலும் யார் என்று கேட்கவில்லை. நாக்கை மடித்துக் கஷ்டப்பட்டு, ஆனால் பலமுறை சொல்லிப் பழகிய மாதிரி, "அண்ணன்?" என்றது. எட்டு மாதமாக அவள் அவரிடம் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று மெக்கானிக்குக்குப் புரிந்தது. அங்கியை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.