வசந்தாமணி செய்த சத்தியம்

வக்கீல் சபரிநாதனுக்குச் சட்டம் நன்றாக வரும். வாயை மூடிக்கொள்வதுதான் வராது. திருச்செங்கோடு கோர்ட் வாசலில், போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி ஜெகதீஸ்வரன் அத்தனை பேர் முன்னால் சவால் விட்டான்.

"உங்க கட்சிக்காரி யோக்கியமா இருந்தா அறுபதாம்படியில நின்னு சத்தியம் பண்ணட்டுங்க. அவங்க மேல குடுத்த கேஸ உட்டுப்போடறேன். பண்ணுனது யாருன்னு வேற பக்கம் தேடிக்கறேன்."

"பண்ணுவாங்க. இந்த வெள்ளிக்கிழமையே பண்ணுவாங்க" என்றார் சபரிநாதன், கட்சிக்காரியை ஒரு வார்த்தை கேட்காமல்.

மலையேறும் அந்தப் படியில் கற்பூரம் ஏற்றிச் சொன்ன சொல்லுக்கு ஊரில் மறுபேச்சு கிடையாது. கோர்ட் தீர்ப்புக்காவது அப்பீல் உண்டு. சபரிநாதனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. கல்லின் மேல் நின்று நாலு வார்த்தை சொன்னால் கேஸ் கழிகிறதென்றால் கசக்குமா என்ன?

அதுவோ ஊரே நாறிய கேஸ். ஜெகதீஸ்வரன் ஆபீசிலேயே எவளோ ஒருத்தியோடு இருந்ததை யாரோ வீடியோ எடுத்துவிட்டார்கள். பணம் தராவிட்டால், அவனுக்கு நடக்கவிருக்கும் கல்யாணத்தில் மண்டபத்திலேயே அதைப் போட்டுக் காட்டுவதாக மிரட்டல் வந்தது. வந்த நம்பர், அந்த ஆபீசில் சமையல் செய்யும் வசந்தாமணியுடையது. புருஷன் இல்லாதவள். ஜாமீனில் வந்த அவளைப் பார்த்து இளிக்காத டீக்கடை இல்லை.

வெள்ளிக்கிழமை மலையடிவாரத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"நான் பண்ணலைங்க வக்கீலய்யா."

"அப்பறம் என்னம்மா பயம்? உள்ளதத்தான சொல்லப் போறீங்க?"

"ஊட்டுல அந்த போனத் தொடறது நானும் எம்புள்ளையுந்தானுங்க."

வேற பக்கம் தேடுவேன் என்று ஜெகதீஸ்வரன் சொன்னது சபரிநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் தூக்க லீவு நாட்களில் ஆபீசுக்குப் போய்வரும் மகள் தனப்பிரியா!

"காலேஜுக்குப் பணம் கட்டோணும்னு புத்தி கெட்டுப் பண்ணிப்போட்டாளுங்க. போலீசு வந்தப்பறந்தான் எனக்கே தெரியும்."

"திரும்பிரலாம்மா. நான் என்னமாச்சும் சொல்லிக்கறேன்."

"திரும்புனாலும் தேடுவாங்க. இன்னிக்கே இதுக்கு ஒரு முடிவு வேணுமுங்க" என்று ஏறத் தொடங்கினாள்.

மேலே ஜெகதீஸ்வரன் சொந்தபந்தத்தோடு காத்திருந்தான். வசந்தாமணி கற்பூரத்தை ஏற்றினாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

"மிரட்டுனது நாந்தான். எம்புள்ளைக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. இது சத்தியம்."

படியில் நின்று சொன்னதை, சவால் விட்டவனே மறுக்க முடியாது. அங்கே, அவளைத் தவிர, அது பொய் என்று தெரிந்தவர் சபரிநாதன் ஒருவர்தான். கட்சிக்காரி சொன்ன ரகசியத்தை அவர் வெளியே சொல்லவும் கூடாது. ஜெயித்திருக்க வேண்டிய கேஸ். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் இவருடையது, கெட்டது அவள். சபரிநாதனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இறங்கும்போது அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"பொய்ச் சத்தியம் பண்ணுனா அந்தப் படி குடும்பத்துல ஒரு உசுர எடுத்துக்கும்பாங்க. புள்ளைய உட்டுட்டு என்னைய எடுத்துக்கன்னு கேட்டுக்கிட்டேனுங்க. கேக்குமுங்களா?"

"கேக்கும்மா" என்றார் சபரிநாதன்.