மாமனார் கழுவிய பாறை

மாமனார் கடப்பாரையை ஓங்கி அஸ்திவாரக் குழிக்குள் இறக்கினார். டணங்கென்று கேட்டது. "கேட்டீங்களா மாப்ள? பாறை! இதுமேல அஞ்சு மாடிகூடக் கட்டலாம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

மாப்பிள்ளை மண் பரிசோதனை இன்ஜினியர். அது பாறைதான், ஆனால் காலங்காலமாக உளுத்துப்போன பாறை. காய்ந்திருக்கும்வரை வீராப்பாக நிற்கும், தண்ணீர் இறங்கினால் பல்லை இளித்துவிடும். குழியை நன்றாக ஊறவைத்துவிட்டுத்தான் எடை ஏற்றிப் பார்க்க வேண்டும். அதைச் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை. பூட்டுக்கடை வைத்து ஆளான மாமனாரை எதிர்த்துப் பேசியவர்கள் அந்த வீட்டில் யாருமில்லை. கட்டப்போகும் மாடியில் குடியிருக்கப் போவதோ மாப்பிள்ளையும் மனைவியும் இரண்டு குழந்தைகளும். சோதனையில் தேறினால் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், உடனே கான்கிரீட். காய்ந்தபடியே சோதித்துவிடுவது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் குழி பளபளவென்று இருந்தது. மாமனார் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஹோஸ் பைப்போடு நின்றார்.

"உங்க ஆபீஸ் ஆளுங்க வர்ற இடம், அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்? மூணு மணி நேரமாக் கழுவுறேன்."

"தண்ணி தேங்கி நிக்குதே மாமா!"

"நிக்கட்டுமே. பாறையை அது என்ன பண்ணிடும்?"

மாப்பிள்ளை வாளியைத் தேடி ஓடினார்.

தேங்கிய தண்ணீரை இறைத்துவிட்டு, மேலே மேடை போட்டு மணல் மூட்டைகளை அடுக்கி, அடியில் ஜாக்கியை வைத்து இரும்புத் தட்டைப் பாறைமேல் அழுத்தினார்கள். முதல் அழுத்தத்தில், தட்டு எவ்வளவு இறங்குகிறது என்று காட்டும் அளவுமானியின் முள் கொஞ்சம் அசைந்தது. இரண்டாவதில் ஓடியது. மூன்றாவதில் தட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து, கட்டைவிரல் ஆழத்துக்குப் பொதுக்கென்று இறங்கியது.

"மெஷின் கோளாறு" என்றார் மாமனார். "குழியைக் காயவெச்சு மறுபடி பண்ணுங்க."

ஆபீஸ் ஆட்கள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள். குழந்தைகளின் முகம் கண்ணில் வந்து நிற்க, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காயவைக்கலாம் மாமா. பெய்யாதேன்னு மழைகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

மாமனார் குழிக்குள் இறங்கி, பாறையை ஆள்காட்டி விரலால் குத்தினார். முதல் கணுவரை உள்ளே போனது. விரலைத் துடைத்தபடி மேஸ்திரியைக் கூப்பிட்டார். "இன்னும் தோண்டுங்கப்பா. நல்ல பாறை வர்றவரைக்கும் தோண்டுங்க."

பிறகு தன் தம்பிக்குப் போன் போட்டார். "தண்ணி ஊத்திப் பாக்கணும்னு எனக்குத்தான்டா தோணுச்சு. மாப்ள படிச்சவர்தான், ஆனா அவருக்கே தோணல!"

மாப்பிள்ளைக்கு வாய் துடித்தது. எனக்கும் தோன்றியது என்றால், அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள்.

"ஆமா மாமா" என்றார், போனுக்கும் கேட்கும்படி.